மரத்தூள்: சூட்டில் உடைப்பதா, பக்குவமாகப் பிரிப்பதா?

மரஅறுவை ஆலைக்குள் போகும் கட்டையில் ஏறக்குறைய பாதிதான் பலகையாக வெளியே வருகிறது. மீதி பட்டை, சில்லு, தூள். ஐரோப்பாவில் இவை வீணாகக் கிடப்பதில்லை. கொதிகலன்காரர், பெல்லட் (எரிப்பதற்காக அழுத்திய தூள் குச்சி) செய்பவர், துகள் பலகை செய்பவர் என்று பலரும் கேட்கிறார்கள். எனவே ரசாயனம் செய்ய வருகிறவர் எரிப்பவரைவிடக் கூடுதல் விலை தந்தாக வேண்டும். யாரால் தர முடியும்?

ஸ்வீடனின் யேவ்லே அருகே செட்ரா நிறுவனத்தின் மரஅறுவை ஆலையை ஒட்டி, 2021-இல் பைரோசெல் ஆலை தொடங்கியது. ஆக்சிஜன் இல்லாத கலனில் சுமார் 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூள் சில நொடிகளில் ஆவியாகி, குளிர்ந்து, கரிய எண்ணெயாகிறது. இந்த முறையில் உலர்ந்த தூளின் எடையில் 60 முதல் 70 சதவீதம் எண்ணெயாகக் கிடைக்கும். கரியும் வாயுவும் எரிந்து ஆலைக்குச் சூடு தரும். பைன், ஸ்புரூஸ் என்று எந்த மரமானாலும் சரி. ஆனால் அந்த எண்ணெய் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. கால்பங்கு தண்ணீர், கடும் அமிலத்தன்மை, நாள்பட்டால் கெட்டிப்படும். சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் பெட்ரோல், டீசலாகத்தான் மாறுகிறது. இயற்கை பொறுமையாகக் கட்டிய மூலக்கூறுகளை நொறுக்கிவிட்டு மறுபடி எரிபொருளுக்கே வருவது எனக்கு உறுத்துகிறது.

எதிர்ப்பக்கம், மரத்தைச் சர்க்கரையாகவும், மரநாரை ஒட்டிப் பிடிக்கும் பொருளான லிக்னினாகவும் பிரிக்கும் வழி. எஸ்டோனியாவின் இமாவெரேயில் ஃபைபெனால் ஆலை, நீராவி அழுத்தத்தால் சில்லைப் பிளந்து, நொதிகளால் மரநாரின் செல்லுலோஸைச் சர்க்கரையாக்குகிறது. ஜெர்மனியின் லாய்னாவில் யுபிஎம் நிறுவனம் பீச் மரத்தைப் பயன்படுத்துகிறது. அங்கே சர்க்கரையிலிருந்து கிளைக்கால் என்ற திரவ ரசாயனம் வரும். பாலியெஸ்டர் துணி, தண்ணீர் பாட்டில், எஞ்சின் குளிரூட்டி எல்லாவற்றுக்கும் அது ஒரு மூலப்பொருள். லிக்னின், ரப்பரில் கரிப்பொடிக்குப் பதிலாகச் சேரும். ஆண்டுக்கு 2,20,000 டன் திறன். 2020-இல் 55 கோடி யூரோவில் முடியும் என்று அறிவித்த திட்டம், 100 கோடியைத் தாண்டிவிட்டது. கவனியுங்கள், இரண்டு ஆலைகளும் பீச், பிர்ச் போன்ற அகன்ற இலை வன்மரத்தையே நம்புகின்றன. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னின் நொதிகளுக்கு எளிதில் வழிவிடாது.

அந்த ஊசியிலை மரத்தில் வென்றவர்கள் நார்வேயின் சார்ப்ஸ்போர்கில் இருக்கிறார்கள். போரெகார்ட் நிறுவனம் ஸ்புரூஸ் சில்லைச் சல்பைட் என்ற ரசாயனக் கரைசலில் வேகவைத்து செல்லுலோஸ் எடுக்கிறது. கரைந்த லிக்னின், கான்கிரீட் கலவையை இளக்கும் சேர்பொருளாகப் போகிறது. 1962 முதல் அதிலிருந்தே ஐஸ்கிரீமுக்கு வனிலா மணம் தரும் வனிலினும் வருகிறது. 1,000 கிலோ மரத்துக்கு வனிலின் 3 கிலோதான், லிக்னின் பொருள்களோ 400 கிலோ. ஒரே குறை, இந்த முறைக்குச் சில்லு வேண்டும், தூள் உதவாது.

என் தேர்வை மரம்தான் முடிவு செய்கிறது. ஊசியிலை மரத் தூள் மட்டும் இருக்கும் ஆலைக்குச் சூட்டு வழியே கைக்கெட்டியது, மனமில்லாமல்தான் சொல்கிறேன். பீச், பிர்ச் அறுப்பவர் பிரிக்கும் வழிக்கே போகட்டும். ஆனால் சர்க்கரைக் கணக்கை மட்டும் பார்த்து இறங்கக் கூடாது. பெட்ரோலியக் கிளைக்கால் மலிவு. அதோடு விலையில் மோதுவது கடினம். மரத்தில் கால்பங்கான லிக்னினைக் கொதிகலனில் போடாமல் வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் கம்பெனியோ பசைக் கம்பெனியோ கையெழுத்துப் போட்ட பிறகு அடித்தளம் தோண்டலாம்.