பெயர் சுரண்டப்பட்ட பேஸ் கிட்டாரோடு நாலு வருடம்

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அடகுக் கடையில் 4,800 ரேண்டுக்கு ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன். சன்பர்ஸ்ட் நிறம், ஆமை ஓடு மாதிரி பிக்கார்டு (உடம்பின் மேல் தகடு), பார்த்ததுமே 60களின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் சாயல். ஹெட்ஸ்டாக்கில் (தலைப் பகுதியில்) மட்டும் பெயர் கிடையாது. முன்பு வைத்திருந்தவர் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார், சீரியல் எண்ணையும் சேர்த்து. விலைச் சீட்டில் '1978 விண்டேஜ்' என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு கல்யாணம், கோயில், பிறந்தநாள் என்று அநேகமாக வாரம் தவறாமல் இதைத்தான் வாசிக்கிறேன். எது நன்றாக இருந்தது, எது படுத்தியது, மொத்தம் எவ்வளவு ஆனது என்று எழுதி வைக்கிறேன், இதே மாதிரி ஒன்றைத் தேடி அலைகிறவர்களுக்குப் பயன்படும்.

ஏன் பழைய பாணி என்றால், அதற்குக் காரணம் எங்கள் டிரம்மர் அங்கிள். நான் திருநெல்வேலிக்காரன், வேலைக்காக இங்கே வந்தவன், டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குத் தமிழ் என்றால் தேவாரமும் சினிமாப் பாட்டு வரிகளும்தான், மற்ற பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் இளையராஜா பாட்டு ஒன்றைத் தொடங்கினால் பல்லவிக்கு முன்னால் வருகிற பேஸ் வரியை வாயாலேயே பாடிக் காட்டிவிடுவார்கள். அப்போது என்னிடம் இருந்தது ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ். ஒன்பது வோல்ட் பேட்டரி, பளிச்சென்ற சத்தம். அங்கிள் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, உன் பேஸு தட்டு விழுற மாதிரி கேக்குது, குடம் மாதிரியில்ல கேக்கணும்." அடுத்த வாரம் ஒரு நிச்சயதார்த்தத்தில் நடுப்பாட்டில் பேட்டரி செத்துப்போய் நான் வெறும் கம்பியை ஆட்டிக்கொண்டு நின்றேன். சரி, போதும் என்று தேட ஆரம்பித்தேன்.

குடச் சத்தம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எல்லா வழியும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 1957இல் அதற்கு வந்த இரண்டாகப் பிளந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962இல் வந்த பிரிசிஷன். தட்டைக் கம்பி (மேற்சுற்று வழவழப்பாக இருப்பது), அதுவும் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். 1960இல் வந்த ஜாஸ் பேஸும் அழகுதான், கழுத்து ஒல்லி, கைக்கு சுகம். ஆனால் அதில் இரண்டு தனித்தனி பிக்கப், இரண்டு வால்யூமும் சமமாக இல்லையென்றால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் போடும். ட்யூப் லைட்டும், எந்தக் காலத்து வயரிங்கோ தெரியாத பிளக்கும் உள்ள கம்யூனிட்டி ஹால்களில்தான் எங்கள் பிழைப்பே. பிரிசிஷனின் இரண்டு துண்டு பிக்கப் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டது, அதனால் இரைச்சல் தானாக அடங்கிவிடும். 2023இல் லோட் ஷெடிங் (மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டரில் எத்தனையோ நிகழ்ச்சி செய்தோம். கீபோர்டு முனகியது, கிட்டார் முனகியது, இது வாயே திறக்கவில்லை.

தேடிய கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். அசல் 60களின் ஃபெண்டர் நம் சம்பளத்துக்கு இல்லை. ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயரின் கிளாசிக் வைப் வரிசை 2008இலிருந்து வருகிறது, பழைய பாணிக்கு எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான், அப்போது புதிது வாங்க என்னிடம் இருந்த பணம் பத்தவில்லை. அப்புறம் பழைய ஜப்பான் பேஸ்கள். 70களின் ஜப்பான் நகல்கள் பல உண்மையிலேயே நல்ல சாமான், ஆனால் விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் 'லாசூட்' (வழக்கில் சிக்கிய நகல் என்று அர்த்தம்) என்று பெயர் வைத்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த வழக்கு 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பானின் ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மேல் போட்டது, ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக; அடுத்த வருடமே சமாதானமாகப் போய்விட்டார்கள். ஃபெண்டர் வடிவ பேஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'லாசூட் பேஸ்' என்று யாராவது பத்தாயிரம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

என் பேஸும் 1978 இல்லை. இதைக் கண்டுபிடித்தது எனக்கே ஒரு சந்தோஷம். பிக்கார்டைக் கழற்றிப் பார்த்தால் திருகு ஓட்டையில் மரம் லேசான பச்சை ஓடுகிறது, அது பாப்லர். ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கிற பலகை) பழுப்பு, நார் கொஞ்சம் முரடு, ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்பு கிடையாது. 2017 ஜனவரியில் ஈட்டி மர வகைகள் எல்லாவற்றுக்கும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் செய்கிறவர்கள் வேறு மரம் தேடிப் போனார்கள், அதில் ஒன்றுதான் விளம்பரங்களில் 'இந்தியன் லாரல்' என்று போடுவது. பெரிய வெளிநாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள், நம்மூர்க் கருமருதுதான் அது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் கருமருது நிலைத்துவிட்டது. ஆக, என் ஊகம் சரியென்றால் நான் வாங்கும்போது இந்த 'விண்டேஜுக்கு' வயது மூன்றோ நான்கோ. அதற்காக எனக்கு வருத்தமில்லை, 1978க்கான விலையை நான் கொடுக்கவில்லையே.

கடையில் என்ன பார்த்தேன் என்றால், முதலில் பேஸைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற பாகம்) பக்கமிருந்து கழுத்தை நோக்கினேன். முறுக்கல் இருக்கக் கூடாது. அப்புறம் ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் இடைவெளி பார்ப்பது; ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் நலம். எனக்கு ஏடிஎம் கார்டே நுழைந்தது. ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடுகிற கம்பி) திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இருபது ஃப்ரெட்டையும் நாலு கம்பியிலும் ஒவ்வொன்றாக வாசித்தேன், கடைக்காரப் பையன் கொட்டாவி விட்டான். ஆம்பிளிஃபயரில் போட்டு இரண்டு குமிழையும் திருகினேன், கரகரவென்றது, அது ஐம்பது ரேண்ட் விவகாரம் என்று விட்டுவிட்டேன்.

நான் பார்க்காதது ஒன்று. பழைய பாணி என்றால் ட்ரஸ் ராட் நட்டும் பழைய பாணியில்தான் இருக்கும், அதாவது தலைப் பக்கம் இல்லை, கழுத்து உடம்போடு சேருகிற அடிப்பக்கம். அதைத் திருப்ப வேண்டுமென்றால் கம்பிகளைத் தளர்த்தி, பின்னால் உள்ள நாலு திருகையும் கழற்றி, கழுத்தையே கையில் எடுக்கவேண்டும். வீட்டில் வந்து கழற்றினேன். உள்ளே நட்டில் இருந்த கூட்டல் குறிப் பள்ளம் மொழுக்கையாக இருந்தது. முந்தைய மகராசன் தப்பான ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகித் திருகி வழித்துவிட்டிருக்கிறார். பைன்டவுனில் கிட்டார் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொண்டு போனேன், அவர் அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டதிலேயே செலவு தெரிந்துவிட்டது. 700 ரேண்ட், புது நட்டு. அதனால் சொல்கிறேன், இந்த வகை பேஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே நாலு திருகையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் விலையில் அறுநூறு எழுநூறு குறைத்துக் கேளுங்கள்.

முதல் ஆறு மாதம் சாதாரண ரவுண்ட்வவுண்ட் (மேற்சுற்று சொரசொரப்பான) கம்பி. டர்பன் கடல் காற்றில் அது மூன்று வாரம்தான், அப்புறம் துரு வாசனையும் கரகரப்பும். 2022இல் தட்டைக் கம்பி போட்டேன், 45இலிருந்து 100 வரை உள்ள செட், 1,100 ரேண்ட் ஆனது, வீட்டில் கேட்டதற்கு எழுநூறு என்று சொல்லி வைத்தேன். அதே செட் இன்னும் கிடக்கிறது. முதல் மாதம் கொஞ்சம் பளபளப்பு, அது போனபின் வந்தது பாருங்கள், அங்கிள் சொன்ன குடம். விரல் வழுக்கினால் 'க்ரீச்' கிடையாது. ராஜா பாட்டில் சரணத்தில் பேஸ் பாடகரோடு போட்டி போட்டுக்கொண்டு மேலே ஏறுமே, அந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக உருண்டு விழுகிறது.

பழைய ஃபெண்டர்களில் பிரிட்ஜ் மேல் ஒரு குரோம் மூடி, அதன் அடியில் கம்பியை அமுக்குகிற ஒரு பஞ்சு இருக்கும். என்னுடையதில் மூடி இல்லை. பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ஸ்பாஞ்ச் இருக்கிறதல்லவா, அதன் பச்சைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மஞ்சளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் செருகினேன். உயரம் அதிகமானால் 'டொக் டொக்' என்று செத்துவிடும். கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி, கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவவேண்டும். மூன்றாவது துண்டில்தான் எனக்குச் சரியாக வந்தது. மூன்று ஸ்பாஞ்ச் கொண்ட பாக்கெட் இருபது ரேண்டுக்குள். நாலு வருடத்தில் நான் செய்த செலவுகளிலேயே சத்தத்தை அதிகம் மாற்றியது இதுதான் என்றால் நம்பமாட்டீர்கள்.

இனி தொல்லை. 2023 ஜூலையில் ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணம். என்-3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குப் போகிறோம், அதுவும் அவர்களுடைய வறண்ட குளிர்காலத்தில். டர்பனில் பிப்ரவரி மாதம் கிட்டார் பைக்குள்ளே பூஞ்சை பூக்கும் ஈரம். அங்கே உதடு வெடிக்கும். மறுநாள் காலையில் பையைத் திறந்து கையை ஓட்டினால் ஃப்ரெட் ஓரங்கள் ரம்பம் மாதிரி விரலை அறுக்கின்றன. மரம் சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை. கழுத்தும் பின்பக்கம் வளைந்து, ஈ கம்பியில் முதல் நாலு ஃப்ரெட்டும் 'ஜ்ஜ்ஜ்' என்று தகரம் போல அதிர்ந்தன. மணமகன் அழைப்புக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, கழுத்தைக் கழற்றி மாட்டுகிற நிலைமையா அது? சின்ன ஆலன் கீயை வைத்து நாலு சாடிலையும் (பிரிட்ஜில் கம்பி உட்காருகிற துண்டு) உயர்த்தி ஒப்பேற்றினேன். சாயங்காலம் முடிகிறபோது இடது கை சுண்டுவிரல் மரத்துப் போயிருந்தது. டர்பன் திரும்பிப் பத்து நாளில் கழுத்து தானாகவே பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஃப்ரெட் ஓரங்களை மட்டும் அராவி, மட்டம் செய்து வாங்கினேன், 900 ரேண்ட். அது முதல் மேலே போகும்போதெல்லாம் பைக்குள் ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டு போகிறேன் (அதே பாக்கெட்தான்).

இன்னொரு குறை, ஜி கம்பியில் ஆறாம் ஃப்ரெட். சி ஷார்ப். தட்டினால் 'டும்' என்று வந்து உடனே மறைந்துவிடும். இந்த வடிவக் கழுத்துகளில் ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை இப்படி ஒரு செத்த இடம் இருப்பது வழக்கம்தான், விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. அந்தச் சுரம் நீளமாக வேண்டுமென்றால் டி கம்பியில் பதினோராம் ஃப்ரெட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் பாடகி ஒருவருக்கு சுருதி சி ஷார்ப். என் தலையெழுத்து.

சில்லறை விஷயங்கள்: குமிழ்களும் ஜாக்கும் மாற்ற 350 ஆனது. பிரிட்ஜ் திருகுகள் துருப்பிடிக்கின்றன, மாதம் ஒரு முறை காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தையல் மிஷின் எண்ணெய் தொட்டுத் தடவுகிறேன். எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து மணி நேரக் கல்யாணத்தில் தோள் சொல்லும். அகலமான தோல் பட்டை போட்டபின் பரவாயில்லை. ட்யூனிங் கட்டைகள் பழைய முறைப்படி எதிர்ப்பக்கம் சுற்றுகின்றன, அதற்குப் பழக ஒரு மாதம் ஆனது, இப்போது மற்ற பேஸை எடுத்தால் அதில் தப்பாகச் சுற்றுகிறேன்.

மொத்தக் கணக்கு 7,850 ரேண்ட். இதில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு, வாங்கின பிறகு போனது. 4,800க்கு வாங்கினேன் என்று பெருமையடித்துக்கொள்வதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால் மூவாயிரத்தைந்நூறுக்கு மேல் பேஸுக்குக் கொடுக்காதீர்கள், மிச்சம் ரிப்பேர்காரருக்கும் கம்பிக்கும் கண்டிப்பாக வேண்டியிருக்கும். கையில் பத்துப் பன்னிரண்டு இருந்தால் இந்த வம்பெல்லாம் வேண்டாம், பேசாமல் புதிது வாங்கி, கழுத்தை மட்டும் ஒருவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

போன மாதம் அங்கிளின் பேத்தி, பத்து வயது, ஒத்திகைக்கு வந்தவள் பேஸின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு இதற்கு ஏன் பெயர் இல்லை என்று கேட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். நான் ஆம்பிளிஃபயரைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மார்க்கர் பேனாவால் ஹெட்ஸ்டாக்கில் 'குடம்' என்று எழுதிவிட்டாள், 'ட'வுக்கு மேலே ஒரு புள்ளியும் சேர்த்து. அழிக்கவில்லை, மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன்.