ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவது அலைன்மென்ட் ஆகாது: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கார்களில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில், ஸ்டீயரிங் பாக்ஸில் இருந்த எண்ணெய்க் கசிவை நிறுத்தவும், அப்படியே வீல் அலைன்மென்ட் பார்க்கவும் என் காரை விட்டிருந்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டி அது. முன்பக்கம் ஒரே நீள இரும்பு அச்சு, லீஃப் ஸ்பிரிங், வார்ம்-செக்டார் வகை ஸ்டீயரிங் பாக்ஸ், அதாவது வீலோடு சுழலும் திருகும் (வார்ம்) அதோடு பொருந்தும் பற்சக்கரத் துண்டும் (செக்டார்) கொண்டது. வண்டி திரும்பக் கிடைத்தபோது கசிவு நின்றிருந்தது. ஸ்டீயரிங் வீலும் பார்வைக்கு நேராகவே இருந்தது. எல்லா அளவுகளும் சரி என்று பச்சை நிறத்தில் அச்சான ஒரு தாளையும் கொடுத்தார்கள்.

ஆனால் சாலையில் இறக்கியதும் வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் அலைந்தது. இடப்பக்கம் திருப்பினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு சுற்றில் வீல் இறுகிப் பிடித்தது. கையைத் தளர்த்தினால் தானாக நேருக்கு வரவில்லை. வலப்பக்கமோ முழு வளைவு கிடைப்பதற்கு முன்பே ஏதோ ஒன்றில் முட்டி நின்றது. இதைச் சொன்னபோது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பட்டறைக்காரர் முடித்துவிட்டார். அவர்களிடம் விடுவதற்கு முன் அப்படி இருந்ததில்லை.

வேறொரு மூத்த மெக்கானிக், பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நெம்புகோலான பிட்மேன் ஆர்மின் மேலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக் காட்டியபோதுதான் நடந்தது விளங்கியது. ஆர்ம் மாட்டப்படும் செக்டார் ஷாஃப்டின் நுனியிலும் ஆர்மின் முகத்திலும் பஞ்ச் அடித்த இரண்டு சிறு புள்ளிகள் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று நேரெதிரே இருக்க வேண்டும், இருக்கவில்லை. கசிவுக்காக ஆயில் சீலை மாற்றியவர்கள், ஆர்மைத் திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்பிளைன் (ஷாஃப்டைச் சுற்றியுள்ள பற்களில் ஒன்று) தள்ளி மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு பல்தானே என்று தோன்றலாம். ஷாஃப்டில் 36 ஸ்பிளைன்கள் இருந்தால் ஒன்றுக்கு 10 டிகிரி. ஸ்டீயரிங் பாக்ஸின் விகிதம் 13:1 (வீல் 13 டிகிரி திரும்பினால் ஆர்ம் 1 டிகிரி) என்றால், அந்த 10 டிகிரி வீலில் 130 டிகிரியாக வெளிப்படும். அதாவது சக்கரங்கள் நேராக நிற்கும்போது ஸ்டீயரிங் வீல் கால் சுற்றுக்கும் மேல் திரும்பி நின்றிருக்கும். அதைக் கண்டவர்கள் காரணத்தைத் தேடாமல், வீலைக் கழற்றி நேராகத் திருப்பி மாட்டிப் பூசி மெழுகிவிட்டார்கள். வீலை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வைத்துக்கூடக் கழற்றவில்லை. ஷாஃப்ட் நுனியின் மரையில் சுத்தியல் அடி தெரிந்தது, கடின ரப்பர் வீலில் ஆரக்கால் சேரும் இடத்தில் புதிதாக ஒரு விரிசலும் இருந்தது.

இதைவிட மோசமானது அடுத்த வேலை. இந்த வகைப் பாக்ஸ்களில், வண்டி நேராக ஓடும் நடு இடத்தில்தான் பற்களுக்கிடையே இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். இருபுறமும் திருப்பத் திருப்ப அது கூடும். நடு இடம் விலகிப்போனதால், நேராக ஓட்டும்போது வீலில் ஆட்டம் தெரிந்திருக்கிறது. அந்த ஆட்டத்தை மறைக்க, பல் இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார்கள். விளைவாக, பாக்ஸின் உண்மையான நடு இடத்தைக் கடக்கும்போதெல்லாம் பற்கள் நெரிந்தன. வலப்பக்கம் முட்டியதற்குக் காரணம், சக்கரம் திரும்பும் எல்லையை நிறுத்தும், அச்சில் உள்ள ஸ்டாப் தொடும் முன்பே பாக்ஸின் உள்ளே செக்டார் எல்லையைத் தொட்டதுதான்.

அச்சான தாள் பொய் சொல்லவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) என்பது அவ்விரண்டையும் இணைக்கும் டை ராடின் நீளத்தைப் பொறுத்தது. ஸ்டீயரிங் பாக்ஸ் எந்த நிலையில் நின்றாலும் அந்த எண் சரியாகவே காட்டும். ஆனால் பில்லில் ‘கேம்பர், காஸ்டர் சரிசெய்தது’ என்று தனியாகக் கூலி போட்டிருந்ததைப் பிறகுதான் கூர்ந்து பார்த்தேன். இரும்பு அச்சு வண்டியில் கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) மாற்ற அச்சையே வளைக்க வேண்டும். காஸ்டரை (சக்கரம் திரும்பும் கிங்பின் முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணம்) மாற்ற ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைக்க வேண்டும். அச்சு வளைக்கப்படவில்லை, தகடும் இல்லை, அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ-போல்ட் நட்டுகளின் மேல் பழைய பெயின்ட்கூட உடையாமல் இருந்தது.

இத்தகைய வண்டியைப் பட்டறையிலிருந்து எடுப்பதற்கு முன், முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லி, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். அதில் சரிபாதியில் சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். பிட்மேன் ஆர்மைச் சக்கரங்களோடு இணைக்கும் டிராக் லிங்கைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் அந்த இடத்தில் மட்டும் மிக லேசான பிடிப்பு தெரியலாம். சக்கரம் நேராக இருந்தும் பாக்ஸ் நடுவில் இல்லை என்றால், ஸ்டீயரிங் வீலைத் தொடவே விடாதீர்கள். பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், அச்சு இடம் மாறாமல் இருக்க ஸ்பிரிங்கில் உள்ள சென்டர் போல்ட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு விடும்போதே ஆர்மிலும் ஷாஃப்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்மைப் புள்ளிக்குப் புள்ளி மாட்டி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, வீலைப் பழைய இடத்தில் பொருத்தியதும் அலைச்சல் நின்றுவிட்டது. வார்மில் விழுந்த கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். கேம்பர் கூலியைப் பற்றிக் கேட்டதற்கு, அதே பச்சை எண்களைத்தான் மீண்டும் எடுத்து நீட்டினார்.