வெனிஸில் தூரத்தைப் பாலங்களால் அளக்க வேண்டும்

வெனிஸின் கன்னரேஜோ பகுதியில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தபோது வேலைக்கும் சந்தைக்கும் படகிலும் கால்நடையாகவும் மட்டுமே சென்றுவந்தேன். காரும் பேருந்தும் நகரின் நுழைவிடமான பியாசாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் மிதிவண்டிக்குக்கூட இடமில்லை. ஆகவே வாப்பரெட்டோ எனப்படும் பொதுப் படகுதான் இங்கே நகரப் பேருந்து என்று எண்ணி, வந்த புதிதில் எங்கே செல்வதற்கும் அதிலேயே ஏறினேன்.

சில மாதங்களில் அந்தப் பழக்கம் போய்விட்டது. ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கால்வாய் நகரின் நடுவே வளைந்து வளைந்து செல்கிறது. 1ஆம் எண் படகு அதன் இரு கரைகளிலும் மாறி மாறி அநேகமாக எல்லாத் துறைகளிலும் நிற்பதால், ரயில் நிலையத்திலிருந்து நகரின் நடுவே உள்ள ரியால்டோ பாலத்துக்கு அது செல்லும் நேரத்தில் சந்துகளின் வழியே நடந்தே சென்றுவிடலாம். 75 நிமிடங்களுக்குச் செல்லும் பயணச்சீட்டு சுற்றுலாப் பயணிகளுக்கு 9.50 யூரோ, உள்ளூர் அட்டை வைத்திருப்பவருக்கு அதில் ஒரு சிறு பகுதிதான். அட்டை இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கருவியில் காட்டிவிட்டே ஏற வேண்டும் என்பதை மறந்து, பரிசோதகரிடம் ஒருமுறை அபராதம் கட்டியிருக்கிறேன். பிற்பாடு மூரானோ, புரானோ, லிடோ போன்ற தீவுகளுக்குச் செல்லவும், கையில் சுமை இருக்கும்போதும் மட்டுமே படகேறினேன்.

ஆனால் நடைக்கும் ஒரு தடை உண்டு. பெருங்கால்வாயின் குறுக்கே இருப்பவை நான்கே பாலங்கள். ரியால்டோவுக்கும் ரயில் நிலையத்தருகே உள்ள ஸ்கால்சி பாலத்துக்கும் இடையே ஒன்றுகூட இல்லை. நான் நாள்தோறும் மீன் சந்தைக்குச் சென்ற வழி அங்கேதான் இருந்தது. கன்னரேஜோ கரையில் உள்ள சாந்தா சோஃபியா துறையில் நின்றால் எதிர்க்கரையில் சந்தை கண்ணுக்கு நேரே தெரியும். பாலத்தின் வழியாகப் போவதென்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் இருவர் துடுப்பிடும் திராகெட்டோ என்ற கொண்டோலா இரண்டொரு நிமிடங்களில் அக்கரை சேர்க்கிறது. வெளியூர்க்காரருக்குக் கட்டணம் 2 யூரோ. உள்ளூர் மூதாட்டிகள் காய்கறிப் பையோடு அதில் நின்றபடியே வருவார்கள். எனக்கு அந்தத் துணிவு வர ஓராண்டு ஆயிற்று.

சிறு கால்வாய்களின் மேல் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன, பெரும்பாலானவற்றில் படிகள். தூரத்தைவிடப் பாலங்களின் எண்ணிக்கையே களைப்பைத் தீர்மானிக்கிறது; கனமான பெட்டி இருந்தால் இரண்டு பாலங்கள் குறைவாக உள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள், வாடகை சற்று அதிகமானாலும் பரவாயில்லை. முகவரியில் தெருப்பெயர் பெரும்பாலும் இருக்காது. பகுதியின் பெயரும் ஆயிரக்கணக்கில் நீளும் ஓர் எண்ணும்தான் இருக்கும். ஆகையால் அருகிலுள்ள பாலத்தின் பெயரையோ தேவாலயத்தின் பெயரையோ கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசி வரைபடம் ஒடுங்கிய சந்துகளில் தடுமாறும். சுவர்களில் உள்ள ‘ரியால்டோ’, ‘சான் மார்கோ’ என்ற மஞ்சள் பலகைகள் அதைவிட நம்பகமானவை.

குளிர்காலத்தில் அக்குவா ஆல்டா என்ற உயர்நீர் வரும். 2020 அக்டோபர் முதல் மோசே தடுப்புக் கதவுகள் பெரிய வெள்ளங்களைக் கடலோடு நிறுத்திவிடுகின்றன. எனினும் அவை உயர்த்தப்படாத அளவுக்குள் நீர் ஏறினாலே சான் மார்கோ சதுக்கம் நனைந்துவிடும்; சில தடங்களின் படகுகள் தாழ்ந்த பாலங்களுக்கடியில் நுழைய முடியாமல் சுற்றுப்பாதையில் திருப்பப்படும். நவம்பர் முதல் சனவரி வரை என் வீட்டு வாசலில் முழங்கால் உயர ரப்பர் காலணி எப்போதும் தயாராக இருந்தது.