விட்டுவந்த புத்தகங்கள், சுமந்துவந்த புத்தகங்கள்: மலாலாவின் ‘வீ ஆர் டிஸ்பிளேஸ்டு’

உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓடும் நேரத்தில் ஒரு சிறுமி எதைக் கையில் எடுப்பாள், எதை விட்டுச் செல்வாள் என்ற கேள்வியோடு படித்தால், மலாலா யூசுப்சாய் 2019 ஜனவரியில் வெளியிட்ட ‘வீ ஆர் டிஸ்பிளேஸ்டு’ (நாங்கள் இடம்பெயர்ந்தவர்கள்) என்ற ஆங்கில நூலின் உயிர்நாடி எங்கே துடிக்கிறது என்பது விளங்கிவிடும். 2009 மே மாதத்தில் பாகிஸ்தான் ராணுவத்துக்கும் தாலிபானுக்கும் இடையே சண்டை மூண்டு, ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியபோது, மிங்கோராவிலிருந்து புறப்பட்ட மலாலாவுக்கு வயது 11. அவர் தம் பள்ளிப் புத்தகங்களை வீட்டிலேயே விட்டுவர வேண்டியிருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, சிரியாவின் தாராவிலிருந்து ஜோர்டானுக்குத் தப்பிச் சென்ற முசூன் அல்மெல்லெஹான் என்ற சிறுமி, தன் பள்ளிப் புத்தகங்களை மட்டும் விடாமல் சுமந்துகொண்டு எல்லையைக் கடந்தார். விட்டுவந்தவருக்கும் சுமந்துவந்தவருக்கும் ஏக்கம் ஒன்றுதான். மறுபடியும் வகுப்பறையில் போய் உட்கார வேண்டும்.

சுமார் 200 பக்கங்கள் கொண்ட இந்நூலின் முதற்பகுதி மலாலாவின் சொந்தக் கதை. இரண்டாம் பகுதியில் ஏமன், சிரியா, இராக், கொலம்பியா, குவாத்தமாலா, காங்கோ, மியான்மர் முதலிய நாடுகளிலிருந்து பெயர்க்கப்பட்ட பெண்கள் தத்தம் கதையைத் தாமே சொல்கிறார்கள். ஒவ்வொருவரையும் மலாலா ஒரு சிறு முன்னுரையோடு நமக்கு அறிமுகப்படுத்துகிறார்.

தலைப்பில் உள்ள சொல்லைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நாம் எளிதாக ‘அகதி’ என்று சொல்லிவிடுகிறோம். கதியற்றவர் என்பது அதன் பொருள். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, தன் நாட்டின் எல்லையைத் தாண்டியவரே அகதி. சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைபவருக்கு அந்தப் பெயரும் இல்லை, அந்தப் பெயரால் கிடைக்கும் பாதுகாப்பும் இல்லை. 2009இல் ஷாங்லா மலைப்பகுதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த மலாலா அப்படிப்பட்டவர்தான். கொலம்பியாவின் வன்முறையால் கிராமத்தை இழந்து நகரத்தின் ஓரத்தில் வளர்ந்த பெண்ணின் நிலையும் அதுவே. இவர்கள் அனைவரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற சொல்லை மலாலா தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. தாமாகப் பெயர்ந்தவர்கள் அல்லர், பெயர்க்கப்பட்டவர்கள் என்பதுதான் இன்னும் துல்லியம்.

நூலில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது முசூனின் பகுதி. 2012 ஜூலையில் பாலைநிலத்தில் கூடாரங்களோடு தொடங்கப்பட்ட ஜோர்டானின் ஜாத்தரி அகதி முகாமில், அவர் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கி, பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் மன்றாடினார். அவருடைய வயதொத்த சிறுமிகளுக்கு அங்கே திருமணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெற்றோரைக் கொடியவர்களாகக் காட்டாததுதான் இப்பகுதியின் சிறப்பு. வருமானம் இல்லை, ஊருக்குத் திரும்பும் நாள் தெரியவில்லை, இரவில் கூடாரத்துக்குப் பூட்டு இல்லை. இந்நிலையில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் மகள் பத்திரமாக இருப்பாள் என்று ஒரு தந்தை நினைப்பது அன்பினாலும் அச்சத்தினாலும்தான். படிப்புதான் அந்தப் பாதுகாப்பு என்று, தானும் அதே முகாமில் அதேபோன்ற கூடாரத்தில் வாழும் ஒரு சிறுமி வந்து சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கும் எடை, வெளியிலிருந்து வரும் எந்த அதிகாரியின் சொல்லுக்கும் இருக்காது. 2017இல் யுனிசெஃப் அவரைத் தன் நல்லெண்ணத் தூதராக்கியது. அகதி நிலையில் உள்ள ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தது அதுவே முதல்முறை.

இராக்கைச் சேர்ந்த, யாசிதி என்ற சிறுபான்மை இனப் பெண்ணின் கதை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 2014 ஆகஸ்டில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பினர் யாசிதிகள் வாழும் சிஞ்சார் பகுதியைத் தாக்குவதற்கு முன்பே, படிப்பதற்காக அவர் தன் வீட்டிலேயே போராட வேண்டியிருந்தது. எதிரி படையெடுத்து வரும்போதுதான் பெண்ணின் படிப்பு பறிபோகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இக்கதை அசைத்துவிடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கதைகள் மிகவும் சுருக்கமானவை. ஒரு பெண்ணின் குரல் நம் காதில் பழகத் தொடங்கும் நேரத்தில் அவர் விடைபெற்றுவிடுகிறார். குரல்களும் பல இடங்களில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இவற்றைவிட என்னை வருத்தியது வேறு. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, தொடக்கப் பள்ளியில் 10 அகதிச் சிறுவர்கள் இருந்தால் சிறுமிகள் 8 பேருக்கும் குறைவு. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் 7 பேருக்கும் குறைவு. ஏன் குறைகிறது என்பதற்கு முகாமில் வாழ்ந்தவர்கள் சொல்லும் காரணங்கள் மிகச் சாதாரணமானவை: மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை, பாடமொழி புரியவில்லை, பள்ளி தொலைவில் இருக்கிறது, கழிப்பறைக்குக் கதவு இல்லை, தண்ணீர் பிடிக்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் வேறு ஆள் இல்லை. கல்வியின் அவசியத்தை உரக்கச் சொல்லும் இந்நூல், இந்த அன்றாடத் தடைகளின் அருகில் போதிய நேரம் உட்காரவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்தில் தஞ்சமடைந்தார்கள்; அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கே முறையான பள்ளி அனுமதிக்கப்படவில்லை, கற்றல் மையங்கள் மட்டுமே இருந்தன. அங்குள்ள காக்ஸ் பஜார் முகாமில் களிமண் அடுப்புகள் செய்யும் ஒரு தாயை நூல் நம் கண்முன் நிறுத்துகிறது. அவருடைய பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்தில், எந்தச் சான்றிதழுக்காகப் படிப்பார்கள் என்பதையும் அங்கேயே சற்று விரித்திருந்தால் அந்தக் கதைக்கு எத்தனை வலு கூடியிருக்கும்!

இருந்தும், ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம், மொழி எளிமையானது. கொலை, கடத்தல், கடற்பயணத்தின் பயங்கரம் ஆகியவை வருவதால், அதைவிடச் சிறியவர்களுக்குப் பெரியவர்கள் உடனிருந்து படித்துக் காட்டுவது நல்லது. மலாலாவுக்கு இந்நூலால் கிடைக்கும் வருமானம் பெண் கல்விக்காக உழைக்கும் மலாலா நிதியத்துக்கே போகிறது.

ஏமனைச் சேர்ந்த அக்காள், தங்கை இருவரின் கதைகளும் நூலில் அடுத்தடுத்து வருகின்றன. அக்காளுக்கு அமெரிக்க விசா கிடைக்கிறது, தங்கைக்கு மறுக்கப்படுகிறது. அக்காள் மின்னசோட்டா மாநிலத்தில் பள்ளியில் சேர்கிறாள். தங்கை நெரிசலான படகில் மத்தியதரைக் கடலைக் கடந்து இத்தாலிக்குப் போய்ச் சேர்கிறாள். என் அண்ணன் மகளிடம் இந்நூலைக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டு கதைகளையும் முடித்துவிட்டு அவள் என்னிடம் வந்து, “அக்கா பள்ளிக்கூடம் போயிட்டா, சரி அத்தை. தங்கச்சி எந்த கிளாஸோட நின்னா?” என்று கேட்டாள். நூலை வாங்கி அந்தப் பக்கங்களை நான் மீண்டும் புரட்டத் தொடங்கினேன்.