உப்புக்காற்றுக்கு எந்தக் கார்: பிரெஸ்ஸாவும் நெக்ஸானும்

எங்கள் பழைய காரைப் பார்க்க மதுரையிலிருந்து வந்த வியாபாரி இன்ஜினை ஓடவிட்டுக்கூடக் கேட்கவில்லை. பதிவெண் டிஎன் 65 என்று தொடங்குவதைப் பார்த்தவர், "வண்டி ராமநாதபுரம் டவுன்ல நின்னதா சார், இல்ல கடற்கரைப் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். பாம்பன் தீவில் தங்கச்சிமடம் என்று நான் சொன்னதும் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழிக்குள் கைவிட்டுத் தடவினார். பிறகு ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பை உரித்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். ஏழே ஆண்டுகள் ஓடிய வண்டியின் தகடு அப்பளம்போல நொறுங்கி, விரல் நுனி மறுபக்கம் போய்விட்டது. நான் எதிர்பார்த்திருந்த தொகையில் பாதிக்கும் குறைவாக அவர் சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மாருதி பிரெஸ்ஸாவையும் டாடா நெக்ஸானையும் ஒப்பிடத் தொடங்கினேன். அதனால் உப்புக்காற்றில் எது நீடிக்கும் என்பதே என் கேள்வி; மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் அதைக் கேட்பதில்லை. இரண்டையும் இரண்டிரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, 2025 தை மாதத்தில் பிரெஸ்ஸாவின் பெட்ரோல் மேனுவல் வண்டியை எடுத்தேன். அப்பாவை மாதம் ஒருமுறை சுமார் 160 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மற்ற நாள்களில் மண்டபம், ராமேஸ்வரம், எப்போதாவது ராமநாதபுரம். என் தீர்ப்பு இந்தப் பயன்பாட்டுக்கு உட்பட்டது.

இரண்டும் 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்குபவை. தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம் இரண்டிலும் 200 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. நெக்ஸானின் டிக்கி 382 லிட்டர், பிரெஸ்ஸாவுடையது 328 லிட்டர். திரை, சன்ரூஃப், விளக்குகளின் அழகு ஆகியவற்றை ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். மூட்டுவலிக்காரரான அப்பாவுக்கு இரண்டிலும் ஏறி இறங்கச் சிரமம் இல்லை என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

ஓட்டுவதில் நெக்ஸான் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 120 பிஎஸ் (குதிரைத்திறன்) ஆற்றலையும் 170 நியூட்டன் மீட்டர் இழுவிசையையும் தருகிறது. அந்த இழுவை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால் பரமக்குடி தாண்டி லாரிகளை முந்தும்போது கியரைக் குறைக்க வேண்டியதில்லை. பிரெஸ்ஸாவின் 1,462 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின் 137 நியூட்டன் மீட்டர்தான் தரும். முந்துவதற்கு முன் ஒரு கியர் இறங்கி, இன்ஜினைச் சற்றே சத்தம்போட வைக்க வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சியில் வாடைக்காற்று பக்கவாட்டில் அறைந்தபோதும் ஸ்டியரிங் என் கையில் அழுத்தமாக நின்றது நெக்ஸானில்தான்.

பாதுகாப்பிலும் அப்படியே. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் என்ற பெயரை நெக்ஸான் 2018-இலேயே பெற்றுவிட்டது. மாற்றியமைக்கப்பட்ட வடிவமும் 2024-இல் அதே ஐந்தைப் பெற்றது. பழைய விட்டாரா பிரெஸ்ஸா 2018-இல் பெற்றது நான்கு. இந்த ஒன்றையே முதன்மையாகக் கருதி நெக்ஸானை எடுப்பவரிடம் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். என் வீட்டிலும் இதைப் பற்றி இரண்டு இரவுகள் பேசினோம்.

நெக்ஸானின் டீசலையும் யோசித்தேன். ஆனால் பிஎஸ்6 என்ற மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைப்போக்கியில் இருக்கும் வடிகட்டி, சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து மண்டபம் போய்த் திரும்புகிற ஓட்டத்தில் அந்தச் சுத்தம் முடிவதற்குள் வீடு வந்துவிடும். தினமும் நெடுந்தொலைவு போகிறவர்களுக்கு அது நல்ல வண்டி, எனக்குப் பொருந்தாது.

இனி உப்புக்கு வருகிறேன். கடலோரத்தில் கார் துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. காற்றில் வரும் உப்புத் தூள் வண்டியின் மேல் படிந்து, இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பெயின்ட் உள்ள இடத்தைத் துடைத்துவிடுகிறோம். ஆனால் சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, தகடும் தகடும் சேரும் இணைப்பு, வயர்களின் முனை ஆகியவற்றை யாரும் துடைப்பதில்லை. கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேறுவதற்காகக் கீழ்விளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். நம் ஊர் மணல் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், கதவு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ட் கொப்புளம்போல எழும்பித் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இதில் நாமே செய்யும் தவறு ஒன்று உண்டு. என் பழைய காரை ஒவ்வொரு ஞாயிறும் போர்த் தண்ணீரில் அக்கறையாகக் கழுவி வந்தேன். காய்ந்ததும் கறுப்புப் பம்பரில் வெள்ளைத் திட்டுகள் தெரியும், அதையும் துணியால் துடைத்துவிட்டுத் திருப்தியாக இருந்தேன். வாரம் ஒருமுறை வண்டியின் அடிவயிற்றுக்கு உப்புநீர் அபிஷேகம் செய்திருக்கிறேன் என்பது எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி சொன்ன பிறகே புரிந்தது. "எந்த வண்டி வேணும்னாலும் வாங்குங்கண்ணே, போர்த் தண்ணியில மட்டும் கழுவாதீங்க" என்றான்.

அவனையே அழைத்துக்கொண்டு போய், உறவினர்கள் வீட்டில் மூன்று, நான்கு ஆண்டுகளாகக் கடற்கரையில் நிற்கும் ஒரு பிரெஸ்ஸாவையும் ஒரு நெக்ஸானையும் ஜாக்கியில் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே நிலைதான்: பின்பக்க ஆக்ஸில், சைலன்சர் இணைப்புகள், போல்ட் தலைகள் ஆகியவற்றில் செம்பழுப்பு ஏறியிருந்தது, தரைத்தகடு இரண்டிலும் நன்றாகவே இருந்தது. ஆகவே ஒன்றின் தகடு உப்பைத் தாங்கும், மற்றதன் தகடு தாங்காது என்று நான் சொல்லவே மாட்டேன். வேறுபாடு தகட்டில் இல்லை. உப்பு தின்னக்கூடிய பொருள்கள் வண்டியில் எத்தனை இருக்கின்றன, அவை போனால் மாற்றுவது எவ்வளவு எளிது என்பதில்தான் இருக்கிறது.

இங்கே முதலில் போவது ஏசி கண்டென்சர். வண்டியின் முகப்பில் நின்று காற்றை நேரே வாங்கும் அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் பொடியாக உதிரும்; பிறகு கேஸ் கசியும். பழைய காரில் இருமுறை மாற்றினேன். டர்போ இன்ஜினில், டர்போ அழுத்தித் தள்ளும் காற்றைக் குளிர்விக்க, இதே போன்ற அலுமினியத் தகடுகள் கொண்ட இன்டர்கூலரும், அதற்கான குழாய்களும், கூடுதல் சென்சார்களும் அவற்றின் வயர் முனைகளும் உண்டு. முனைகளில் பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏறினால், பொருள் கெடாமலே எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கு ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும். டர்போ இல்லாத பிரெஸ்ஸாவின் இன்ஜின் இந்த வகையில் எளிமையானது. அதன் சாதாரண பாகங்கள் ராமநாதபுரம் கடைகளில் கேட்ட அன்றே கிடைக்கின்றன. பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மெக்கானிக்குகளின் கைக்கும் மாருதி இன்ஜின்கள் பழகியவை. பாம்பன் தீவில் வண்டி நின்றுவிட்டால் இந்தப் பழக்கத்துக்கு என்ன மதிப்பு என்பது இங்கே குடியிருப்பவர்களுக்கு விளங்கும். என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான்.

வண்டி வந்த முதல் வாரத்திலேயே, துரு தொடங்கும் முன், அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட் பூச்சு அடித்தேன். துருவின் மேல் அடித்தால் அது ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடும். பழைய காருக்கு நான்காம் ஆண்டில் அடித்ததால் பலன் இல்லாமல் போனது. இப்போது வாரம் ஒருமுறை, மாடியில் பிடித்து வைத்த மழைநீரில் இரண்டு வாளி எடுத்துச் சக்கர வளைவுகளையும் அடிப்பாகத்தையும் மட்டும் கழுவுகிறேன். காவிரிக் குடிநீரை இதற்குச் செலவழிக்க மனம் வருவதில்லை. மாதம் ஒருமுறை கதவுத் துளைகளில் ஈர்க்குச்சி விட்டு மணலை எடுக்கிறேன்; ஒரு கதவில் ஒரு தேக்கரண்டி அளவு வந்த நாள்களும் உண்டு. பேட்டரி முனைகளில் வாசலின் தடவி வைக்கிறேன். தனுஷ்கோடி போய்வந்தால் அன்று இரவே கழுவிவிட வேண்டும். அரிச்சல்முனைச் சாலையில் இருபுறமும் கடல் இருப்பதால் சாரலும் மணலும் சேர்ந்தே ஏறும். காலையில் பிரேக் டிஸ்க்கில் தெரியும் ஆரஞ்சுப் படலத்துக்குப் பயப்பட வேண்டாம், நான்கு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

இந்தக் கவனிப்பை நெக்ஸானுக்கும் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். என் வண்டிக்கு இன்னும் வயது போதாது. துருவின் கணக்கு ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகே தெரியும் என்பதால், மறுவிற்பனையில் எனக்கு நல்ல விலை கிடைக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல மாட்டேன். மதுரைச் சாலையில் லிட்டருக்கு 16 கி.மீ. சுற்றிக் கிடைக்கிறது, அதைத் தயங்காமல் சொல்லலாம்.

விலையைப் பற்றி, இப்போது வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால்தான் சிறிய காருக்குரிய வரி. நான் வாங்கியபோது நெக்ஸான் பெட்ரோலுக்கு 29 சதவீதமும், இன்ஜின் பெரிது என்பதால் பிரெஸ்ஸாவுக்கு 45 சதவீதமும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அவை முறையே 18, 40 ஆகிவிட்டன. இரண்டும் குறைந்தாலும் இடைவெளி 16-இலிருந்து 22 ஆக விரிந்துவிட்டது. இன்றைய விலைப்பட்டியலை வைத்துப் பார்த்தால் நானே இன்னும் ஒரு வாரம் கூடுதலாக யோசித்திருப்பேன்.

பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ, கடற்காற்று நேரே படாத இடத்தில் வீடு இருப்பவருக்கு நெக்ஸானைத்தான் சொல்வேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் என்று கடலைப் பார்த்து வாசல் வைத்திருப்பவர்களுக்கு என் வாக்கு பிரெஸ்ஸாவுக்கு. எதை எடுத்தாலும் கச்சான் காற்று தொடங்கும் வைகாசிக்கு முன்பே பூச்சை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஜாக்கியில் தூக்கி, டார்ச்சைப் பின்சக்கர வளைவின் உள்மடிப்பில் அடித்துப் பாருங்கள், அங்கேதான் முதலில் உரியும்.