"எல்லாம் கவர் ஆகும், தங்கச்சி": சிங்கப்பூரில் பிரசவக் காப்பீடு எடுக்கப்போகும் நம்மவர்களுக்கு

போன வாரம் எங்கள் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு பெண் என்னிடம் ஒரு படத்தைக் காட்டினாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அக்கா, இந்த பாலிசி போட்டா ஆஸ்பத்திரிக்கு ஒண்ணுமே கட்ட வேணாமாம்" என்று போனை நீட்டினாள். ஒரு மருத்துவமனை பில்லின் படம். பெயர் இருக்கும் இடத்தில் கறுப்புக் கோடு, கீழே கட்டவேண்டிய பாக்கி 0.00 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஓரத்தில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். எனக்குக் கை நடுங்கியது. அதே படத்தைத்தான் ஒரு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எங்களுக்கும் காட்டினார்கள். அந்த விரல்கூட அப்படியே இருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (ஈபி) என்ற வேலை அனுமதியில் இருக்கிறார், நான் அவர் மனைவி என்பதால் கிடைத்த டிபென்டன்ட் பாஸில் இருக்கிறேன். போன வருடம் தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது எனக்கு மூன்று மாதம். பக்கத்தில் நின்றவர் பேச்சுக்கொடுத்தார். "திருச்சியா நீங்க? நான் லால்குடி" என்றார். ஊர்ப்பெயர் கேட்டாலே மனசு இளகிவிடும் நாட்கள் அவை. வாந்தி, தலைசுற்றல், பக்கத்தில் அம்மா இல்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் அவருக்குத் தங்கச்சி, என் கணவர் மாப்ள. காப்பீட்டு ஏஜெண்டாம். "பதிமூணு வாரம் முடியட்டும், நானே வீட்டுக்கு வரேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டார்.

சொன்னபடியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை. நான் ரவா கேசரி கிண்டி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரே பேச்சு, பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்துப்போக அம்மா தயாராக இருந்தார்கள். கணவருக்குத்தான் மனசில்லை, குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டார். ஆனால் செலவு? இங்கே அரசு மருத்துவமனையிலும் மானியம் குடிமக்களுக்கும் பிஆர் எனப்படும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நாம் முழுக் கட்டணம் கட்டவேண்டும். அவருடைய கம்பெனிக் காப்பீட்டில் கர்ப்பமும் பிரசவமும் சேர்த்தி இல்லை என்று எச்ஆர் சொல்லிவிட்டார்கள். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற மற்ற வேலை அனுமதிகளில் இருப்பவர்களுக்கு வருடம் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும் என்று முதலாளிமேல் சட்டமே இருக்கிறது. ஈபிக்கு அதுவும் கட்டாயமில்லை, கம்பெனி கொடுப்பதுதான்.

இந்தக் கவலையை அவர் கேசரி சாப்பிட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் படத்தைக் காட்டினார். "போன மாசம் டெலிவரி ஆன என் கஸ்டமர். பாருங்க, பாக்கி சைபர். மெட்டர்னிட்டி கவர் ஆகும் தங்கச்சி. ஊருக்கு எதுக்குப் போறீங்க? மாப்ள கூடவே இருங்க." டேப்லெட்டில் விரலால் பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு பக்கமும் நான் படிக்கத் தொடங்கும்போதே அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். "இதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்றார். பிரசவத்துக்கென்று ஒரே தடவையாக 480 வெள்ளி. அதோடு சேர்த்து எடுத்தே ஆகவேண்டும் என்று ஓர் ஆயுள் பாலிசி, மாதம் 260 வெள்ளி, இருபத்தைந்து வருடத்துக்கு. "இதுல போடுறது உங்க சேமிப்புதானே" என்றார்.

அன்று இரவு நான் அம்மாவுக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொன்னேன். எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது இதுதான். போன பணத்தைவிட இது பெரிது. அந்த வார்த்தையை நம்பித்தான் தாய்வீட்டை வேண்டாம் என்றேன். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்பதும் இல்லை. இருபத்தெட்டு வாரம் தாண்டினால் பொதுவாக விமானத்தில் மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள், முப்பத்தாறு வாரத்துக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். எனக்கு உண்மை தெரிந்தது முப்பத்தொன்பதாவது வாரத்தில், பனிக்குடம் உடைந்த இரவில்.

மருத்துவமனைக் கவுண்டரில் டெபாசிட் 7,000 வெள்ளி கேட்டார்கள். கணவர் பாலிசியைத் திறந்து போனை நீட்டினார். அங்கே இருந்த மலாய் அக்கா படித்துவிட்டு, இது மருத்துவமனை பில்லைக் கட்டும் காப்பீடு இல்லையே என்றார். இவர் விடவில்லை. ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த பில் படத்தைக் காட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், வலி வந்து வந்து போகிறது. அந்த அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பாக்கி 0.00 என்பதற்கு நான்கு வரி மேலே அரசாங்க மானியம் என்று ஒரு கழிவு. அதற்குக் கீழே மெடிசேவ் என்று இன்னொரு கழிவு. "இது சிட்டிசனோட பில்" என்றார் மெதுவாக.

மெடிசேவ் என்பது மத்திய சேம நிதிக் கணக்கின் ஒரு பகுதி. குடிமக்களும் பிஆர்களும் சம்பளத்திலிருந்து அதில் போடுகிறார்கள், முதலாளியும் போடுகிறார். பிரசவத்துக்கு அதிலிருந்து எடுக்கலாம், கணவருடைய கணக்கிலிருந்தும் எடுக்கலாம். ஈபியில் இருப்பவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. அந்தப் படத்தில் இருந்த பெண் கையிலிருந்து காசு கொடுக்காதது அரசாங்க மானியத்தாலும் மெடிசேவ் சேமிப்பாலும். எந்த பாலிசியும் அவளுக்கு ஒரு காசு கட்டவில்லை. அந்த வரிகள் எல்லாம் படத்திலேயே இருந்தன, மறைக்கக்கூட இல்லை. நாங்கள் அடியில் இருந்த சைபரை மட்டும் பார்த்தோம்.

கணவருடைய கார்டில் அவ்வளவு வரம்பு இல்லை. அதிகாலை இரண்டு நாற்பதுக்கு அவருடன் வேலை பார்க்கும் ஒரு தம்பி பேநவ்வில் 4,000 வெள்ளி அனுப்பினான். காரணம்கூடக் கேட்கவில்லை. அவன் நன்றாக இருக்கவேண்டும்.

பத்தொன்பது மணி நேரம் வலித்தது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று கடைசியில் சிசேரியன். மகள் பிறந்தாள். மூச்சு வேகமாக வாங்கினாள் என்று மூன்று நாள் சிறப்புக் கவனிப்புப் பிரிவில் வைத்திருந்தார்கள், பிறகு மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு. மருத்துவர்களும் தாதியர்களும் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். என் பில் 13,400 வெள்ளி. குழந்தைக்குத் தனி பில், 4,900 வெள்ளி. பிறந்த நிமிடத்திலிருந்து குழந்தை தனி நோயாளி, தனிக் கணக்கு என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தை தூங்கும் நேரங்களில், அந்த பாலிசியை வரிவரியாகப் படித்தேன். இதைக் கர்ப்பிணிகள் கவனமாகப் பார்க்கவேண்டும். இங்கே "மெட்டர்னிட்டி பிளான்" என்ற பெயரில் பரவலாக விற்கப்படுவது பிரசவச் செலவுக்கான காப்பீடு இல்லை. அதில் ஒரு பட்டியல் இருக்கும்: கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் முற்றி வலிப்பு வரை போகும் நிலை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பனிக்குட நீர் ரத்தத்தில் கலப்பது போன்ற ஆபத்துகள், குழந்தைக்குப் பிறவியிலேயே வரும் சில குறைபாடுகள். பட்டியலில் இருப்பது நடந்தால் ஒரு தொகை கொடுப்பார்கள். சுகப்பிரசவத்துக்கு ஒன்றுமில்லை. சாதாரண சிசேரியனுக்கும் ஒன்றுமில்லை. எங்கள் பாலிசியில் குழந்தைக்கு நாள்கணக்கில் பணம் உண்டு, ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் மட்டும். என் மகள் இருந்தது அதற்கு ஒரு படி கீழே இருக்கும் பிரிவு. க்ளைம் போட்டோம், மறுத்துவிட்டார்கள். காகிதத்தில் இருப்பதன்படி மறுத்தது சரிதான்.

அந்தப் பட்டியலுக்காக ஒருவர் தெரிந்தே இந்த பாலிசியை எடுத்தால் அதில் தப்பில்லை. என் மகளுக்கு அப்படி ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பணம் உதவியிருக்கும். எங்களிடம் அதைச் சொல்லி விற்கவில்லை, அதுதான் குற்றம்.

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "நான் கவர் ஆகும்னுதான் சொன்னேன் தங்கச்சி, டெலிவரி பில் கவர் ஆகும்னு சொல்லலையே" என்றார். "அண்ணா, உங்க பேச்சை நம்பித்தானே நான் ஊருக்கே போகல" என்றேன். பச்சை உடம்புக்காரி கோபப்படக்கூடாது என்று எனக்கே புத்தி சொன்னார். மறுநாள் எங்கள் இரண்டு நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். ஏப்ரலில் நான் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்டபோது வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நாற்பத்தொரு நொடி. "ஆஸ்பத்திரி பில்லப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க, அதுக்குத்தானே இந்த பாலிசி" என்று அவர் குரலிலேயே இருக்கிறது. அதையும் அந்த பில் படத்தையும் வைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். முதலில் நிறுவனத்திடம்தான் போகவேண்டும். அவர்களுடைய இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு மையத்துக்குப் போகலாம். எங்களுக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை. இரண்டரை மாதம் கழித்து, கட்டிய பிரீமியம் 2,040 வெள்ளியையும் திருப்பிக் கொடுத்தார்கள். மருத்துவமனைப் பணம் எங்கள் தலையில்தான். ஊரில் என் நகையில் பாதி அடகில் இருக்கிறது, அந்தத் தம்பிக்கு மாதாமாதம் கொடுத்துவருகிறோம்.

இன்னொரு விஷயம், அவர் அதையும் விற்கப் பார்த்தார்: குழந்தைக்குப் பாஸ்போர்ட், பாஸ் எல்லாம் எடுத்துத்தர 400 வெள்ளி. கொடுக்காதீர்கள். இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை வராது. 42 நாளுக்குள் பிறப்பைப் பதியவேண்டும், அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியில் 18 வெள்ளி. அதே 42 நாளுக்குள் நம் நாட்டுப் பாஸ்போர்ட்டும் டிபென்டன்ட் பாஸும் வாங்கும் வேலையை முடிக்கவேண்டும். நாள் நெருக்கடிதான், ஆனால் எல்லாம் நாமே செய்யக்கூடியது. என் கணவர் ராத்திரி உட்கார்ந்து செய்தார்.

யாராவது பிரசவ பாலிசி என்று வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "எல்லாம் நல்லபடியா நடந்து, சுகப்பிரசவமா முடிஞ்சா எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் கேட்டது "கவர் ஆகுமா" என்று. அதற்கு யார் வேண்டுமானாலும் ஆமாம் சொல்லலாம். உண்மையிலேயே பிரசவச் செலவைக் கட்டும் பாலிசிகளும் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலும் பத்து மாதம், ஒரு வருடம் என்று காத்திருப்புக் காலம் இருக்கும். கர்ப்பம் தரித்த பிறகு எடுத்துப் பயனில்லை. விற்க வருபவர் பெயர் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பிரதிநிதிகள் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். எங்கள் ஆள் பெயர் அதில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். மருத்துவமனையிலேயே வெளிநாட்டவருக்கு உத்தேசச் செலவு எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, குழந்தையை உள்ளே வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஐந்தாம் மாதமே கேளுங்கள். சொல்வார்கள். ஊருக்குப் போவதா இல்லையா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ஆயுள் பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள் யோசிக்க அவகாசம் உண்டு, அதற்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். எங்களுக்கு ஆவணம் ஈமெயிலில் வந்தது, "சும்மா வெச்சிக்கோங்க" என்றார், நாங்கள் திறக்கவே இல்லை.

ஆறாவது மாடிப் பெண்ணின் ஈமெயிலை அன்று இரவே அவள் கணவரோடு உட்கார்ந்து திறந்தோம். ஆவணம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. என் மகள் மடியில் தூங்க, ரத்துக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஏஜெண்டுக்கு அனுப்பாமல் நேராக நிறுவனத்துக்கு அனுப்பினோம். நேற்றுக் காலை பதில் வந்துவிட்டது, ரத்து ஆகிவிட்டது. அவள் இப்போது ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.