கேரவன் வண்டி வாங்கப் போகிறவர்கள் கட்டிலைப் பார்க்கும் முன் சேஸிஸைப் பாருங்கள்

சேலத்தில் பழைய மினி பஸ்ஸை கேரவனாக மாற்றி விற்கும் ஒரு பட்டறையில் நான் ஏமாந்ததைத்தான் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை, கேஸ் போடப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

வண்டியைக் காட்டும்போது அந்த ஆள் எதையெதையோ காட்டினார். மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, பின்கோடியில் சமையல் மேடை, அதற்குக் கீழே தண்ணீர் டேங்க், ஒரு குட்டி டாய்லெட். உள்ளே இவ்வளவு நீளம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "அண்ணே, இது லாங் சேஸிஸ்ங்க, கம்பெனியிலயே இப்படித்தான் வருது, தைரியமா எடுங்க" என்றார். சேஸிஸ் என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டம். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சமையல் மேடை பிடித்துப் போய்விட்டது. அட்வான்ஸ் கொடுத்த ரசீதிலும் "லாங் சேஸிஸ்" என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார், இன்றைக்கு என் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

சமதளத்தில் ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. ஏற்காட்டுக்கு ஏற்றியதும்தான் வண்டியின் குணம் தெரிந்தது. அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததுமே ஸ்டியரிங் லேசாகிவிட்டது, திருப்பினால் முன்பக்கம் ரோட்டைப் பிடிக்காமல் நழுவுகிற மாதிரி ஓர் உணர்வு. வளைவில் திரும்பும்போது பின்புறம் வெளியே வீசிப்போய் எதிரே வந்த பஸ்ஸை உரசப் பார்த்தது, டிரைவர் திட்டிவிட்டுப் போனார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 20 வளைவையும் இப்படியே ஏறி, மறுநாள் இரண்டாவது கியரில்தான் இறங்கினேன், அப்படியும் பிரேக் கருகுகிற வாடை வந்தது.

அஸ்தம்பட்டி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, அந்தக் கறுப்புப் பூச்சை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். "சார், இங்க பாருங்க, ஃப்ரேமை வெட்டி ரெண்டு பக்கமும் மூணடி சேனல் வச்சு வெல்டிங் அடிச்சிருக்காங்க. லாங் சேஸிஸெல்லாம் இல்லைங்க இது." பின் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) அப்புறம் ஒட்டியிருப்பதால் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இடையே உள்ள தூரம்) மாறவில்லை, ஆர்சியில் உள்ள 3350 மி.மீ. அப்படியே இருக்கிறது. வெறும் வால் மட்டும் வளர்ந்திருக்கிறது. டேப் வைத்து அளந்தால் பின் ஆக்ஸிலில் இருந்து கடைசி வரை இரண்டரை மீட்டர். 1989 மோட்டார் வாகன விதிகளில் பின் ஓவர்ஹேங் (பின் ஆக்ஸிலுக்கு அப்புறம் நீளும் பகுதி) வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது இந்த வண்டிக்கு 2010 மி.மீ.தான்.

இது ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைக்காரர் இப்போதும் "வெல்டிங் ஸ்ட்ராங்தானே அண்ணே" என்றுதான் பேசுகிறார். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, 200 லிட்டர் டேங்க் நிறைந்தால் அதுவே 200 கிலோ. மேடை, அடுப்பு, சிலிண்டர், பிளைவுட் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். அந்த 300 பின் ஆக்ஸிலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் உட்கார்ந்தால், கிணற்று ஏற்றக் கம்பு மாதிரி முன் ஆக்ஸிலில் இருந்து சுமார் 180 கிலோவைத் தூக்கிவிடும், பின் ஆக்ஸில் 300 அல்ல, 480 சுமக்கும். ஸ்டியரிங் லேசானதற்குக் காரணம் இதுதான். செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு எடை மேடையில் முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக ஏற்றிப் பார்த்தோம். மொத்த எடை ஆர்சியில் உள்ள ஜிவிடபிள்யூவுக்குள்தான் (பாரத்தோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடைக்குள்தான்) இருந்தது, பின் ஆக்ஸில் மட்டும் அதன் வரம்பைத் தாண்டியிருந்தது. மொத்தத்தை மட்டும் நிறுத்தி ரசீது காட்டுகிறவரை நம்பவே நம்பாதீர்கள்.

சரி, பேப்பர் சமாச்சாரம். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற தரநிலை இருக்கிறது. இதையெல்லாம் கேட்டால் பட்டறைக்காரர் "நாமக்கல்ல ஆள் இருக்கு, எஃப்சி எடுத்துக்கலாம்" என்கிறார், வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழைத்தான் சொல்கிறார். நாளைக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்கப் போவது இந்த வெல்டிங்கைத்தான்.

இப்போது தேடுகிறவர்களுக்கு: நீளம் வேண்டுமென்றால் கம்பெனியிலேயே நீள வீல்பேஸாக வருவதை எடுங்கள், ஃபோர்ஸ் டிராவலரில் 3350, 4020 மி.மீ. என்றெல்லாம் கிடைக்கிறது. டாடா விங்கர் முன்சக்கர டிரைவ் (இன்ஜின் முன் சக்கரங்களைத்தான் சுழற்றும்), ஓட்டுவதற்குச் சுகம்தான், ஆனால் பின்னால் பாரம் ஏற ஏற மலை ஏற்றத்தில் முன் சக்கரத்தின் பிடி குறையும். எந்த வண்டியானாலும் டேங்கும் பேட்டரியும் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் வர வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "மூணடியை வெட்டித் தர்றேன், லேபர் மட்டும் குடுங்க" என்கிறார்! அதே போல இன்னொரு வண்டி, வெள்ளை, பக்கவாட்டில் பச்சைக் கோடு, பின்னால் ஏணி, இப்போது விற்பனைக்கு நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள், பின் சக்கரத்துக்கு அப்புறம் ஃப்ரேமில் பூச்சு தடிப்பாக இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். சுரண்ட விடமாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.